மரத்தடிச் சருகை ஏன் கூட்டவில்லை?

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பள்ளி மரத்தடியில் சருகு கூட்டாமல் கிடக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அது அங்கேயே மட்கி மண்ணோடு சேரட்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். நடைபாதையும் விளையாட்டுத் திடலும் வழக்கம்போல் தினமும் கூட்டப்படும்.

சருகு எப்படி மண்ணாகிறது என்று அறிய, அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டு மண்ணைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே சருகை அடுக்கடுக்காக விலக்கிப் பார்ப்பார்கள். மேலே இருப்பது புதிதாக விழுந்த முழு இலை. அதன் கீழே அரித்துப்போய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. இன்னும் கீழே போனால் எது இலை, எது மண் என்றே பிரிக்க முடியாது. கருப்பாக, பொலபொலவென்று இருக்கும். அதுதான் மட்கு.

மரவட்டையும் மண்புழுவும் சருகைத் துண்டாக்கும். மீதியைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்ளும். சருகுக்கு நடுவே வெள்ளை நூலாக ஓடுவது பூஞ்சை. பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இலையிலும் கட்டையிலும் உள்ள லிக்னின் என்ற கெட்டியான பொருளைச் சிதைப்பதில் பூஞ்சையை மிஞ்ச ஆளில்லை.

இந்த மட்குதான் மண் துகள்களை ஒட்டிச் சிறு கட்டிகளாக்குகிறது. கட்டிகளுக்கு இடையில் காற்று புகும், மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளையும் அது எளிதில் கரைந்து போகவிடாது. மேல்மண்ணுக்கு மண்புழு செய்யும் வேலையை 1881-லேயே சார்லஸ் டார்வின் விரிவாக எழுதிவிட்டார்.

அடர்ந்த காடென்றால் மண்ணும் கொழுத்திருக்கும் என்று நினைக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படியில்லை. குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டில் சருகு மெதுவாக மட்குவதால் மெத்தைபோல் சேர்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த மழைக்காட்டிலோ சில மாதங்களிலேயே மட்கி, சத்து உடனே வேருக்குப் போய்விடும். அங்கே பல இடங்களில் செல்வமெல்லாம் மரத்தில்தான். மரத்தை வெட்டி எரித்தால் சில ஆண்டுகளிலேயே நிலம் சோர்ந்துவிடும்.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பழைய உடுப்பும் மூடிய காலணியும் போட்டுவிடுங்கள். சருகுக்கு அடியில் பூச்சி இருக்கலாம் என்பதால் குச்சியால்தான் கிளறுவார்கள். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள்.

அப்புறம், மூடியுள்ள ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். அதில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, குலுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மணல் முதலில் அடியில் படியும், மட்காத துணுக்குகள் மிதக்கும், களிமண் கலங்கலாகவே நிற்கும். அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிவிடாமல் இரண்டு நாள் அசையாமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்