கைக்குழந்தைக்காரியிடம் ஒரு மணி நேர ஜெபம் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்தவ வீடுகளில் தினசரி ஜெபம் குறைந்துபோனதற்குச் செல்போனும் சீரியலும்தான் காரணம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அவர் பழியை இளம் தாய்மார்கள் மேல் போட்டதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுக்கிற பெண்ணிடம் போய், விடியற்காலையில் முழங்காலில் நின்றாயா என்று கேட்பது என்ன நியாயம்? சில பிரசங்கங்களும் இப்படித்தான் இருக்கின்றன. அதைக் கேட்டு மனம் நொந்து, செய்துகொண்டிருந்த கொஞ்ச ஜெபத்தையும் விட்டுவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அவரவர் நிலைமைக்குத் தக்கபடி ஜெபத்தின் அளவு மாறுவது புதிய வழக்கமே இல்லை. மடங்களில் துறவிகள் பகலும் இரவுமாக எட்டு வேளை ஜெபித்து வந்ததை, வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்களுக்கும் ஆகும்படி காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கி 1549-இல் இங்கிலாந்தில் ஜெபப் புத்தகம் கொண்டுவந்தார் பேராயர் கிரான்மர். நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் காலை ஜெபமும் மாலை ஜெபமும் அந்த வழியில் வந்தவைதான். அதற்கு இருபது வருஷம் முன்பே ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய லுத்தர், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் தன் சிறிய ஞானோபதேசத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சின்னதாகச் சொல்லியிருக்கிறார்: எழுந்ததும் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் ஒரு சிறு ஜெபம், அப்புறம் சந்தோஷமாக வேலைக்குப் போ, ராத்திரியும் அதே மாதிரிதான், முடித்ததும் நிம்மதியாகத் தூங்கு. ஐந்து நிமிஷம் ஆகாது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தமிழாக்கியவற்றில் இந்த ஞானோபதேசமும் ஒன்று, ஆகவே இது நமக்குத் தெரியாத சங்கதியும் அல்ல.

எங்கள் பனங்காட்டுப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பதநீர்க் காலத்தில் ஆண்கள் விடியுமுன் மரத்தில் இருப்பார்கள், பெண்கள் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அடுப்பை விட்டு நகர முடியாது, விட்டால் பாகு கெட்டுப்போகும். அங்கேயே நின்று துடுப்பைப் பிடித்தபடி ஜெபித்தார்கள். அதை யாரும் குறைவாக நினைக்கவில்லை.

துக்கம் வந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறோம். வேதாகமமே அப்படி வற்புறுத்தவில்லையே! சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13-ஆம் சங்கீதம் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் ஆரம்பிக்கிறது, 88-ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் இருளை விட்டு வெளியே வருவதில்லை. அவற்றையும் ஜெபம் என்றுதானே வைத்திருக்கிறோம்? அந்த வீட்டில் ஒருவர் வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சங்கீதத்தை அவருக்காக நாம் வாசிக்கலாம்.

முதுமை வேறு மாதிரி. நேரம் இருக்கும், கண் தெரியாது, முழங்கால் மடங்காது. என் மாமியாருக்குக் கடைசி வருஷங்களில் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட நினைவில் இல்லை, ஆனால் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று நாங்கள் தொடங்கினால் ஆமென் வரை ஒரு வார்த்தை தவறாமல் கூடவே சொல்லுவார்கள். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. இப்போது பாட்டு, ஆக்ஷன், விளையாட்டு என்று எல்லாம் இருக்கிறது, சரி, நல்லதுதான். ஆனால் 23-ஆம் சங்கீதத்தையும் 121-ஆம் சங்கீதத்தையும் பார்க்காமல் சொல்லுகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். எனக்குப் பெரிய பயம் இதுதான், குடும்ப ஜெபம் பத்து நிமிஷம் குறைந்ததைவிட.

போதகர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்றே அந்தத் தாயிடம், தொட்டில் ஆட்டும்போது ஒரு சங்கீதம் சொல்லம்மா, இப்போதைக்கு அது போதும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், முக்கியமாக மாமியார்களுக்குக் கேட்கும்படி. ஷிப்ட் வேலைக்காரர்களிடம், வேலை முடிந்து படுக்கப் போகும்போது செய்கிற ஜெபம்தான் உங்கள் மாலை ஜெபம் என்று சொல்லுங்கள். அப்புறம் ஓய்வுநாள் பள்ளியில் மாதம் ஒரு சங்கீதமாவது மனப்பாடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாசரேத்