துணைக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை முடிந்து தொடக்கப் பள்ளிகள் திறக்கும் நாள்களில் சீருடை, பாடநூல், காலை உணவு என்று பலவற்றைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை சீண்டி அழவைக்கும்போது, சுற்றி நின்று பார்க்கும் பத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் பக்கத்துத் தவறு ஒன்றையும் இதில் சொல்லியாக வேண்டும்.

மதிய உணவு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவும் நேரம். நான்காம் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். அவன் முறை வரும்போதெல்லாம் மூன்று நான்கு பையன்கள் அவன் தட்டை ஒதுக்கிவிட்டு, "உன் பேரை முழுசாச் சொல்லு, அப்பத்தான் தண்ணி" என்று சொல்லி அவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். வரிசை முழுவதும் சிரிக்கும். சோற்றுப் பருக்கை காய்ந்துபோன தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. அப்போது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரிசையிலிருந்து விலகிப் போய் அவன் கையைப் பிடித்து, "வாண்ணா, எனக்கு முன்னாடி நில்லு" என்று அழைத்துவந்து தன் இடத்தில் நிறுத்தினாள். பிறகு என்னிடம் ஓடிவந்து நடந்ததைச் சொன்னாள். பதிவேட்டில் மூழ்கியிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "உனக்கு எதுக்கு இந்த வம்பு? உன் தட்டைக் கழுவிட்டு வகுப்புக்குப் போ" என்றேன்.

அன்று மாலைக்குள் அவளுக்குக் 'கோள்மூட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவள் எதற்காகவும் என்னிடம் வரவில்லை. அவள் வாயை அடைத்தது அந்தப் பையன்கள் அல்லர், நான்தான் என்பது எனக்கு உறைக்கப் பல மாதங்கள் ஆயின.

'ஊர் வம்பு நமக்கெதற்கு' என்று வீட்டில் சொல்கிறோம். 'உன் வேலையை மட்டும் பார்' என்று பள்ளியில் சொல்கிறோம். பெற்றோர் பயந்து சொல்கிறார்கள், ஆசிரியர் அலுத்துச் சொல்கிறார். கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். நான்கு, ஐந்து வயதில் ஒரு குழந்தை விழுந்தால் பத்துக் கைகள் தூக்க வருவதை எந்த அங்கன்வாடியிலும் பார்க்கலாம். அதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை எட்டும்போது கைகட்டி வேடிக்கை பார்க்கக் கற்றிருக்கிறார்கள் என்றால், அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம்.

பார்த்து நிற்பவர்களிடம் எவ்வளவு வலு இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில் பிள்ளைகளுக்கு ஒலிவாங்கி பொருத்தி, தொலைவிலிருந்து காணொளி எடுத்து ஆராய்ந்து, 2001இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். சீண்டல் நிகழ்ந்தவற்றுள் 88 விழுக்காட்டில் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். யாரேனும் ஒரு பிள்ளை குறுக்கிட்டது 19 விழுக்காட்டில் மட்டுமே. ஆனால் அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 விழுக்காடு, பத்து நொடிக்குள் சீண்டலை நிறுத்திவிட்டன. ஆசிரியர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதை அறிந்த எனக்கு, அந்தப் பத்து நொடி என்ற கணக்கு வியப்பளிக்கவில்லை.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவள்ளியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டம் 2009இலிருந்து அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. சீண்டுபவனையும் சீண்டப்படுபவனையும் மட்டும் பார்க்காமல், சேர்ந்து சிரிப்பவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், துணைக்கு வருபவர்கள் என்று வகுப்பு முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது அதன் அடிப்படை. சிக்கல் ஒன்று வந்தால், வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். இதற்குத் தனிக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள நம் ஊர்ப் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

என் பணியின் கடைசி ஆண்டுகளில் நானும் எனக்குத் தெரிந்த வகையில் முயன்றேன். 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்ட வகுப்புக்கு வைத்திருந்த விரல் பொம்மைகளைக் கொண்டு வெள்ளிக்கிழமைகளில் சிறு நாடகம் போடுவோம். ஒரு பொம்மையை இரண்டு பொம்மைகள் விளையாட்டில் சேர்க்காமல் விரட்டும். நான்காவது பொம்மை பார்த்துக்கொண்டிருக்கும். 'யார் செய்தது தப்பு?' என்று நான் கேட்பதில்லை. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான்காவது பொம்மை என்ன செய்யலாம் என்று கேட்பேன். "பந்தை அவன்கிட்ட போடலாம் டீச்சர்", "பக்கத்துல போய் உக்காந்துக்கலாம்", "வா நாம வேற வெளையாடலாம்னு கூட்டிட்டுப் போகலாம்" என்று பதில்கள் வரும். சண்டை போடாமல் துணை நிற்க இத்தனை வழிகள் உண்டு என்பதைப் பிள்ளைகளிடமிருந்துதான் நான் கற்றேன். 'அவனை விடு', 'வா, போகலாம்' ஆகிய இரண்டு சொற்றொடர்களையும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று உரக்கச் சொல்லிப் பழக வைத்தேன். கூச்சமும் பயமும் பிடித்துக்கொள்ளும் வேளையில், முன்பே சொல்லிப் பழகிய சொல்தான் வாயில் வரும். அடிதடி என்றாலோ கல்லோ கம்போ கையில் இருந்தாலோ நடுவில் போகவே கூடாது, ஓடிவந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அப்படி ஓடிவந்து சொல்வதற்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'போட்டுக் கொடுக்கிறது'. இந்தப் பெயருக்கு நாமே வழி வகுத்திருக்கிறோம். ஆசிரியர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கும்படி வகுப்புத் தலைவனிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து எழுதியிருக்கும் பெயர்களுக்குத் தண்டனை தருகிறோம். சொல்வது என்றாலே ஒருவரை மாட்டிவிடுவது என்று நாள்தோறும் இப்படிப் பழக்கிவிட்டு, உண்மையிலேயே ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை பேச வரும்போது அதையும் அதே கணக்கில் சேர்க்கிறோம். கரும்பலகையில் பெயர் எழுதும் இந்த வழக்கத்தைத் தொடக்கப் பள்ளிகள் இந்த ஆண்டே கைவிட வேண்டும் என்று வேண்டுகிறேன். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்கிறாயா, ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாயா என்று கேட்டால், இந்த வேறுபாடு இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்குகிறது.

நம் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிப் பேச்சுத்தான். யார் எந்தத் தெரு, யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே வீட்டிலிருந்து கற்றுக்கொண்டு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தன்னைச் சாதியின் பெயரால் துன்புறுத்திய மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் தெரிவிக்கப்பட்ட பிறகு, பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அண்ணனைக் காக்க வந்த தங்கையும் வெட்டுக்காயம் அடைந்தார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யவும் மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. அவை தேவையான பரிந்துரைகளே. ஆனால் பதினைந்து வயதில் கையிலிருந்து அவிழ்க்க வேண்டிய கயிற்றை, ஆறு வயதில் கட்டிக்கொள்ளாமலே இருக்கச் செய்யும் வாய்ப்பு தொடக்கப் பள்ளிக்குத்தான் உண்டு. மேலத்தெருப் பிள்ளை ஒன்று தானாக எழுந்து போய்க் காலனிப் பிள்ளையின் பக்கத்தில் தட்டை வைத்து உட்காரும் அந்த ஒரு நிமிடத்தை ஆசிரியர் கவனிக்க வேண்டும். மாலையில் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் திட்டு விழுந்தால், பெற்றோரை அழைத்துப் பேசும் துணிவும் அவருக்கு வேண்டும்.

குழந்தைகளுக்கான 1098, மாணவர்களுக்கான 14417 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன; புகார் எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் வந்தது. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்தே இன்னும் வசப்படாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புகார்ப்பெட்டியும் உதவி எண்ணும் அதன் ஆசிரியர்தாம்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக வைக்கிறேன். அருகருகே உள்ள பள்ளிகளுக்கான குறுவள மையங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில், இன்னொரு பிள்ளைக்காகப் பேச வரும் பிள்ளையை எப்படி எதிர்கொள்வது என்பதற்காக அரைநாள் ஒதுக்குங்கள். கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேட்பது, சொன்ன பிள்ளையின் பெயரை வகுப்பில் வெளியிடாமல் இருப்பது, இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையையும் பாதிக்கப்பட்ட பிள்ளையையும் தனித்தனியே அழைத்து இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது ஆகிய மூன்றையும் நடித்துப் பார்த்தே பழக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றோடு இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திருவாரூர் மாவட்டம்.