குவாரிக்கு ஒரு மூட்டை கல்: கனிம வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கனிம வளத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குவாரியை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அதை எழுத ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு குத்தகையிலும் வேலை தொடங்கும்போது அந்த இடத்துப் பாறையில் நான்கைந்து கிலோ எடுத்து, இடத்தையும் உயரத்தையும் எழுதி, பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். திங்கட்கிழமை மனுவில் இதற்கான காரணத்தை எழுத இடம் போதாது, அதனால்தான் இந்த மடல்.

நம் பக்கத்து மலைகளில் உள்ள சார்னோகைட் என்ற கருங்கல் வகையும், வரிவரியாகத் தெரியும் நைஸ் பாறைகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையவை. பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை வைத்துக் கணக்கிட்ட வயது அது. பாறை உருவான காலத்தை அது சொல்கிறது, சரி. ஆனால் சார்னோகைட் உருவாவது பூமிக்கு அடியில், கிட்டத்தட்ட 20 கிலோமீட்டருக்கும் கீழே, நல்ல கொதிப்பில். இன்றைக்கு அதன் மேல் ஆடு மேய்கிறது. மேலே மூடியிருந்த அத்தனை பாறையும் எப்போது, எந்த வேகத்தில் அரித்துப் போனது? இதற்குச் சிர்கானின் 250 கோடியில் பதில் இல்லை. அதே பாறைக்குள் இருக்கும் இன்னொரு கனிமத்தைக் கேட்க வேண்டும். அதுதான் அபடைட்.

அபடைட் என்பது கால்சியம் பாஸ்பேட். நம் பாறைகளில் பெரும்பாலும் உப்புத்தூளைவிடச் சின்ன மணிகளாகத்தான் இருக்கும். அதற்குள் துளியளவு யுரேனியம் சிக்கியிருக்கும். யுரேனியம்-238 அணுக்கள் பொதுவாக ஆல்பா துகளை விட்டுச் சிதையும். அப்படி ஏறத்தாழ 18 லட்சம் அணுக்கள் சிதையும் நேரத்தில் ஒரே ஓர் அணு தானாகவே இரண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டுகள் எதிரெதிராகப் பாய்ந்து, படிகத்தில் சுமார் 16 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்துக்கு ஒரு சேதக்கோடு போடும். அதுதான் பிளவுத் தடம். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. மணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நைட்ரிக் அமிலத்தில் 20 வினாடி நனைத்தால் சேதப்பட்ட கோடு மட்டும் சீக்கிரம் அரித்து அகலமாகும். அப்புறம் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணாடியில் ஊசியால் கீறியதுபோல் கறுப்புக் கோடுகள் கண்ணுக்கு வரும். அவற்றை எண்ண வேண்டும், யுரேனியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் காலம் கிடைத்துவிடும். 1959-இல் மைக்கா என்ற அப்பிரகத்தில் இப்படிப்பட்ட தடங்களை முதன்முதலாக எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது காலக்கணிப்பு முறையாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதியே இனிமேல்தான். சூடு ஏறினால் இந்தத் தடம் காயம் ஆறுவதுபோல் மறைந்துவிடும். நிலவியல் கால அளவில் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் எந்தத் தடமும் தங்காது. 60-க்கும் 120-க்கும் நடுவில் தடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். 60-க்குக் கீழே போனால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 டிகிரி போல வெப்பம் கூடும். ஆக, அபடைட் தடங்கள் தங்கத் தொடங்கிய காலம்தான் பாறை நான்கு கிலோமீட்டர் சுமாருக்கு மேலே வந்த காலம். தடங்கள் எல்லாமே நீளமாக இருந்தால் பாறை விறுவிறுவென்று குளிர்ந்தது என்று அர்த்தம். குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் அந்த வெப்ப எல்லையில் வெகுகாலம் கிடந்திருக்கிறது, அல்லது நடுவில் மறுபடியும் சூடேறியிருக்கிறது.

செவ்வாத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர் பக்கம் அரசின் கனிம நிறுவனமான டாமின், வெர்மிகுலைட் என்ற கனிமத்தை எடுக்கும் இடம். அங்கே கார்பனேட் கனிமங்கள் மிகுந்த கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது, அதில் அபடைட்டும் தாராளம். அந்தப் பாறை உருவாகி ஏறத்தாழ 77 கோடி ஆண்டு ஆகிறது. அதன் அபடைட்டில் தடங்களை எண்ணினால் 77 கோடி வர வேண்டியதில்லை, அது தப்பும் இல்லை. முந்தைய வயது பிறப்பு, பிந்தையது குளிர்ச்சி. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தது சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன்னால். ஏலகிரியும் ஜவ்வாதும் அதற்கு முன்பே மேலே வந்துவிட்டனவா, பிறகு வந்தனவா என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவரும்.

இதற்கு ஒரு கல் போதாது. ஒரே மலையில் உச்சி முதல் அடிவாரம் வரை வெவ்வேறு உயரத்தில் கல் வேண்டும். உச்சிக்கல் முதலில் குளிர்ந்திருக்கும், அடிக்கல் பிறகு. இரண்டுக்கும் உள்ள கால வித்தியாசத்தை உயர வித்தியாசத்தோடு சேர்த்துப் பார்த்தால் மலை கரைந்த வேகம் வரும். குவாரி வேலையோ மேலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் போவது உச்சிக்கல்.

கல்லை யாரை வைத்தும் எடுக்கலாம், ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய முறையில் கல் எடுக்கும் இடங்களில் பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடேறினதும் பாறை ஓடு ஓடாகப் பெயரும், கடப்பாரையால் நெம்பி எடுப்பார்கள். அந்த ஓட்டில் நமக்கு வேலையில்லை. 400 டிகிரி அளவுக்குச் சூடு போனால் ஒரு மணி நேரத்திலேயே தடங்கள் அழிந்துவிடும். கல்லைத் தீப்பிழம்பால் அறுக்கும் ஜெட் பர்னர் பட்ட பக்கமும் காட்டுத்தீ பட்ட மேற்பரப்பும் அப்படித்தான். தீ படாத, சில அடி உள்ளே இருந்த புதுக்கல்தான் வேண்டும். வெடித்துத் திறந்த குவாரி முகப்பு அதைச் சுலபமாகத் தருகிறது. சுத்தியலோடு மலை ஏறுகிறவனுக்கு அவ்வளவு நல்ல கல் கிடைக்காது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஒரு சாக்கு, கொஞ்சம் வெள்ளை பெயின்ட், ஒரு பதிவேடு. குத்தகைப் பகுதியின் மூலைகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை ஏற்கெனவே உங்கள் கோப்பில் இருக்கிறது. கல் எடுத்த பெஞ்சின் (குவாரியில் படிபோல் வெட்டிய தளத்தின்) உயரத்தை மட்டும் அதோடு சேர்த்து எழுதினால் போதும்.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பல வருடமாகச் சேர்த்த பாறை மாதிரிகள் மரப்பெட்டிகளில் இருந்தன. கட்டடத்தைப் புதுப்பித்தபோது அத்தனையும் தரைக்கு அடியில் நிரவலாகப் போய்விட்டன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கல்லைக் கல்லாகத்தான் பார்த்தார்கள். அதனால் பூட்டும் பதிவேடும் பொறுப்பாளரும் உள்ள ஓர் அரசு அறையாக இருந்தால் நல்லது. மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே அறை போதும். ஆராய்ச்சிக்குக் கேட்டு வருகிறவர்களுக்குப் பாதிக் கல்லைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வரும் குத்தகை ஆணைகளிலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஏற்கெனவே ஓடும் குவாரிகளில் உச்சிப் பக்கம் கொஞ்சமாவது மிச்சமுள்ளவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் எடுப்பது, எப்படி எண் போடுவது என்று காட்ட ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். என் மாணவர்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு நிலவியல் ஆசிரியர்