ஓடுகிற பிரக்யானைப் பிள்ளைகளே செய்ய மதுரையில் ஒரு பொதுப் பட்டறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினத்தை ஒட்டிப் பள்ளிகளில் நடந்த கண்காட்சிப் படங்களை உங்கள் நாளிதழில் பார்த்தேன். எல்லாப் படத்திலும் சந்திரயான்-3 இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் வைத்திருந்த ரோவரை, அதாவது சந்திரயான்-3-இல் போய் நிலாவில் ஓடிய பிரக்யான் வண்டியின் மாதிரியை, நேரில் போய்ப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அது வெளியே காசு கொடுத்து வாங்கிய மாதிரி. தெர்மாகோல் உடம்பு, மேலே வெள்ளிக் காகிதம், சுற்றாத ஆறு சக்கரம். ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எடை 26 கிலோ, ஆயுள் 14 நாள் என்று தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார்கள். சக்கரம் ஏன் ஆறு, நாலு போதாதா என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். செய்து பார்த்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

நான் ஜெய்ஹிந்த்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். மிக்ஸி, கிரைண்டர், கிணற்று மோட்டார் எல்லாம் வரும். கடைக்கு வந்துபோகிற பிள்ளைகள் நாலைந்து பேரோடு சேர்ந்து, அசல் அளவில் ஓடுகிற பிரக்யான் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம். நீளம் 91 சென்டிமீட்டர், அகலம் 75. இஸ்ரோ சொன்ன அளவுதான். மொத்தச் செலவு ஒன்பதாயிரம் ரூபாய்க்குள். பள்ளிகள் வாங்குகிற ஓடாத மாதிரியின் விலை இதைவிட எத்தனை மடங்கு என்று விசாரித்தால் தெரியும்.

இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். சக்கரம் 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் வெட்டுத் துண்டு. மேலே அலுமினியப் பட்டையை வளைத்து ரிவிட் அடித்துப் பல் வைத்தோம். உடம்பும் கால்களும் ஜன்னல் பிரேம் செய்கிற பட்டறையில் மிஞ்சிய அலுமினியக் குழாய். பேட்டரி யுபிஎஸ்ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. மோட்டார் ஆறும் தெற்குவாசல் பக்கம் பழைய சாமான் கடையில் எடுத்த கார் வைப்பர் மோட்டார். வைப்பர் மோட்டாருக்குள் திருகு மாதிரி இருக்கிற வார்ம் கியர் இருக்கிறது. கரண்டை நிறுத்தினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், சரிவில் வண்டி பின்னால் உருளாது. புது கியர் மோட்டாரில் இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

இங்கேதான் என் தொழில் கை கொடுத்தது. வைப்பர் மோட்டார் மெதுவேகத்திலேயே நிமிடத்துக்கு 45 சுற்று போகும். எங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் நகரும். அப்படியானால் நிமிடத்துக்கு 22 மீட்டர். நிலாவில் பிரக்யான் போனது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 60 சென்டிமீட்டர்தான். மோட்டாருக்குள் சுற்றுகிற, கம்பி சுற்றிய பகுதியான ஆர்மெச்சூரைப் பிரித்து 23 கேஜ் கம்பியை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய 27 கேஜில் இரண்டு மடங்கு சுற்றுப் போட்டுக் கட்டினோம். சுற்று இரண்டு மடங்கானால் வேகம் பாதி. அதே சுமைக்கு இழுக்கிற கரண்டும் பாதி. மிச்ச வேகத்தை ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு விட்டுவிட்டுக் கரண்ட் கொடுத்துக் குறைக்கிறது. இப்போது நிமிடத்துக்கு இரண்டு மீட்டர் வரை இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே போனால் மோட்டார் திணறுகிறது.

ஆறு ஆர்மெச்சூரையும் பிள்ளைகளே சுற்றினார்கள். ஒரு பக்கத்து மோட்டார்களில் சுற்று குறைந்தால் அந்தப் பக்கம் வேகம் கூடி வண்டி கோணலாக ஓடும். அதனால் ஒருவர் சுற்ற, இன்னொருவர் வாய்விட்டு எண்ணுவார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாதியில் நிமிர்ந்து, “மாமா, புத்தகத்துல பேக் இ.எம்.எஃப்.னு போட்டிருக்கே, அது இதுதானா?” என்று கேட்டது. அதேதான்: சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே உண்டாக்கி, நாம் கொடுக்கிற கரண்டை எதிர்க்கிற வோல்டேஜ்.

இன்னொரு விஷயம். பல வைப்பர் மோட்டார்களில் நெகடிவ் கம்பி மோட்டார் பாடியோடு சேர்ந்தே இருக்கும். காரில் ஒரே திசையில் ஓடுவதால் அங்கே அது பிரச்னை இல்லை. ரோவரில் முன்சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கிடையாது. இடது மூன்று சக்கரம் முன்னால், வலது மூன்று பின்னால் என்று ஓட்டித்தான் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுத்த நொடியில் அலுமினியச் சட்டம் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஆறு மோட்டாரையும் திறந்து, கார்பன் பிரஷ்ஷிலிருந்து பாடிக்குப் போகிற இணைப்பைப் பிரித்து, தனி வயர் இழுத்து வெளியே கொண்டுவந்தோம். இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரை வைத்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சக்கரம் ஏன் ஆறு? ரோவரின் காலில் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒரு பெரிய கை, அதன் நுனியில் இரண்டு சக்கரத்தோடு தானாக ஆடுகிற ஒரு சின்னக் கை. முன்சக்கரம் கல்லில் முட்டினால் பின்னால் இருக்கிற சக்கரங்கள் தள்ளி அதை மேலே ஏற்றிவிடும். இரண்டு பக்கத்துக் கைகளையும் குறுக்கே ஒரு தண்டு இணைக்கிறது. அதனால் ஒரு பக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் நடு உடம்பு அதில் பாதிதான் சாயும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ரோவரிலிருந்து நாசா பயன்படுத்துகிற அமைப்பு இது. அந்தக் குறுக்குத் தண்டின் இரண்டு முனைக்கும் பைக் கியர் லிங்க்கில் வருகிற சின்ன பால் ஜாயிண்ட் சரியாகப் பொருந்தியது. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் கல்லும் சரளையுமாகக் கிடக்கிற இடத்தில் ஓட்டினோம். இடது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி நின்றது. மற்ற ஐந்து சக்கரமும் தரையில்தான் இருந்தன. மேலே வைத்திருந்த தண்ணீர் பாட்டில் சாயவில்லை. அப்புறம் காய்ந்து கிடக்கிற வைகை மணலிலும் ஓட்டினோம். மணலில் பிவிசி சக்கரம் முதலில் வழுக்கியது. பட்டைப் பல்லை இன்னும் கொஞ்சம் உயர்த்திய பிறகு போனது.

கூடவே பிள்ளைகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். படத்தில் இருக்கிற கனத்தில் காலைச் செய்தால் இங்கே அது வளைகிறது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். 26 கிலோ ரோவர் அங்கே நாலேகால் கிலோ மாதிரிதான் அழுத்தும். ஆக, இங்கே ஓட வேண்டிய நகல் அசலைவிடத் திடமாக இருந்தாக வேண்டும். அந்த அசல் ஓடியது வெறும் 50 வாட் சூரிய மின்சாரத்தில். மேட்டில் திணறுகிற எங்கள் ஒரே ஒரு வைப்பர் மோட்டார் அவ்வளவையும் குடித்துவிடும். இஸ்ரோ எஞ்சினியர்கள் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறார்கள் என்று நான் பாடம் எடுக்கவில்லை. ஆம்மீட்டரைப் பார்த்துப் பிள்ளைகளே புரிந்துகொண்டார்கள். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நிலா மண்ணுக்குப் பதிலாகச் சோதனைக்குப் போனது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து மண். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

பிறகு எது தடை? சாமான் இல்லை, காசும் இல்லை என்பது பாதிதான் உண்மை. இந்தப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டில்கூட டிரில்லிங் மெஷின் இல்லை. பெஞ்சு வைஸ் இல்லை. வாடகை வீட்டில் அலுமினியம் அறுக்க முடியாது. சக்கரத்தின் நடுவே வருகிற புஷ்ஷைக் கடைய லேத் வேண்டும். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் வேலை நேரம் முடிந்த பிறகு கடைந்து கொடுத்தார். என் கடை பத்துக்குப் பத்து. ஒரு மோட்டார் ரிப்பேருக்கு வந்தால் ரோவரைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். நானோ அந்த லேத் பட்டறைக்காரரோ இல்லாத தெருப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்கப் பள்ளிக்குள் வைக்கிற, மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் 2016-லிருந்து இருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். நல்ல திட்டம். ஆனால் அது தேர்வான பள்ளிகளுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் 2018-ல் செவ்வாயில் ஓடுகிற கியூரியாசிட்டி ரோவரின் சின்ன வடிவத்துக்கு முழு வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று வெளியிட்டது. ஆகும் செலவு சுமார் 2,500 டாலர் என்றார்கள். வரைபடம் இலவசமாகக் கிடைத்தாலும் அறுக்கவும் துளைக்கவும் ஒரு இடம் வேண்டுமே.

என் கோரிக்கை ஒன்றுதான். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு அறை. அது முடியாது என்றால், மாநகராட்சிப் பள்ளி ஏதாவது ஒன்றில் மாலையில் காலியாகக் கிடக்கிற ஒரு வகுப்பறை. அங்கே ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு பெஞ்சு வைஸ், ஒரு சின்ன லேத், சால்டரிங் அயர்ன் நாலு, மல்டிமீட்டர், கண்ணாடி, கையுறை. எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம் என்று இருக்க வேண்டும். கருவியைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். மதுரையில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர்களும் டர்னர்களும் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். மேயரும் ஆணையரும் மாவட்ட ஆட்சியரும் மனசு வைத்தால் அடுத்த ஆகஸ்டுக்குள் இதைத் திறந்துவிடலாம்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு மாதிரி வாங்க ஒதுக்குகிற பணத்தில் மோட்டாரும் பேட்டரியும் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். ஆர்மெச்சூர் சுற்றக் கற்றுக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எந்தப் பள்ளிக்கும் வருகிறேன், காசு வேண்டாம். கம்பியும் வார்னிஷும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை.