ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு: அந்த ஸ்டூலில் யார் உட்காரலாம்?

முதலாளிகளுக்கு வணக்கம்.

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினோரு வருடம் நின்றவள் எழுதுகிறேன். 'வேலை பார்த்தவள்' என்றுதான் எழுத நினைத்தேன். கை தானாக 'நின்றவள்' என்று எழுதிவிட்டது. சரி, அதுவும் பொய்யில்லை.

இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. வருபவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, காபி. எதிரே நாங்கள். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்தால் நாற்பது ஐம்பது சேலையாவது விரிப்போம். அவர்கள் இரண்டை எடுத்துக்கொண்டு பில் போடப் போனதும், மீதியை மடிப்புக் கலையாமல் மடித்து, முந்தி வெளியே தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும். அதுவும் நின்றபடிதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் கடை சாத்த இரவு பதினொன்று ஆகும். விடுதிக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் ஐந்தாறு பேர் வரிசையாகத் தரையில் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருப்போம். கெண்டைக்கால் கடுப்பு இறங்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை யாரும் பேச மாட்டோம். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. அதை மறைக்கக் காலுறை போட்டுக்கொண்டு வருவார்.

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. அங்கே அது லேசில் வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் போராடியது கழிப்பறைக்காக. நாற்காலி அப்புறம்தான். அவர்களைத் திரட்டிய விஜி, தையல் வேலை செய்தவர். 2018-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது எங்கள் விடுதியில் ஒரே ஒரு போனைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம்.

சட்டம் வந்து சில மாதத்தில் எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல், பிரிவுக்கு ஒன்று. முதல் வாரம் அதன் மேல் அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒருநாள் மதியம் மூன்று மணி, மாடியில் ஈ காக்கை இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது, கீழேயிருந்து இன்டர்காம் வந்தது: "செகண்ட் ஃப்ளோர்ல யாரு அது உட்கார்ந்திருக்கிறது?" கேமராவில் பார்த்திருக்கிறார்கள். திட்டவில்லை, ஃபைன் போடவில்லை. அந்த ஒரு கேள்வியோடு சரி. நான் அங்கே இருந்தவரை அந்த ஸ்டூலில் வேறு யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அரசாங்கத்துக்கு அல்ல. ஸ்டூலைச் சட்டம் கொண்டுவந்து போட்டுவிடும். உட்காரு என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவாகத் தெரியும் என்பீர்கள். வங்கியில் பணம் கட்டப் போனால் உள்ளே இருப்பவர் உட்கார்ந்துதான் வாங்குகிறார். யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. ஏன், உங்கள் கடையிலேயே கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார், கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். மாடியில் சேலை விரிக்கிறவள் உட்கார்ந்தால் மட்டும் அது சோம்பேறித்தனமா? வீட்டுக்கு யார் வந்தாலும் நாம் முதலில் சொல்கிற வார்த்தை "உட்காருங்க". அதைப் பதினோரு வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு பாட்டி வாடிக்கையாளர் சொன்னார். "நீயும் உட்காரும்மா, நான் மெதுவாத்தான் பார்ப்பேன்" என்றார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றதால் சிரித்து மழுப்பினேன்.

ஆண்களுக்கும் இதே கதைதான், மறுக்கவில்லை. சட்டைப் பிரிவுப் பையன்களும் வாசலில் கதவு திறந்துவிடும் பெரியவரும் எங்களைப் போல் நின்றவர்கள்தான். ஆனால் பையன்கள் டீ குடிக்கிற சாக்கில் ஐந்து நிமிடம் வெளியே போய் வருவார்கள். நாங்கள் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் சீட்டு எழுதி வாங்க வேண்டும். கழிப்பறை மொட்டை மாடியில். அடிக்கடி போனால் பேச்சு வரும் என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வோம். மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

காலையில் சாமி கும்பிட்டு வருகைப் பதிவு எடுக்கும்போது "இது நம்ம குடும்பம்" என்று மைக்கில் சொல்வார்கள். அதே மைக்கில் இன்னொரு வரியும் சொல்லச் சொல்லுங்கள்: ஆள் இல்லாத நேரத்தில் எல்லோரும் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதைச் சூப்பர்வைசர் சொன்னால் எடுபடாது. அவரும் உங்களுக்குப் பயந்தவர்தான். உங்கள் வாயால் வர வேண்டும். ஸ்டூலும் பிரிவுக்கு ஒன்று போதாது. ஆறு பேர் நிற்கிற இடத்தில் ஒன்று என்றால், வயதில் மூத்தவர் இருக்கச் சின்னவள் உட்கார மாட்டாள். கர்ப்பிணிப் பெண்களை வேலையை விட்டு நிறுத்தாமல் பில் பிரிவுக்கோ பேக்கிங் பிரிவுக்கோ மாற்றலாம். செலவில்லாத காரியம்.

ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் உங்கள் கடையின் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். லிஃப்ட்டில் அல்ல, படியேறி. உங்களைப் பார்த்ததும் யாராவது பதறி எழுந்தால், எழ வேண்டாம் என்று கையைக் காட்டுங்கள். யாருமே எழவில்லையென்றால், அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒருவரிடம் வேலை பார்த்தவள்