பஸ்ஸில் உதவிய அக்காவுக்கு நன்றி

நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்த பஸ்ஸில், மடியில் லேப்டாப்போடு புலம்பிக்கொண்டிருந்தவன் நான்தான். எஸ்டேட் ஆட்களின் விவரத்தைச் சம்பள சாஃப்ட்வேரில் ஏற்றினால் 'யுஏஎன் இல்லை' என்றே திரும்பத் திரும்ப வந்தது (யுஏஎன் என்பது ஒவ்வொருவருக்கும் உள்ள பிஎஃப் எண்). எக்செலில் 12 இலக்கமும் கண்ணெதிரே இருக்கிறதே!

பர்லியார் தாண்டியதும் எட்டிப் பார்த்தீர்கள். "எண்ணை விடுங்க தம்பி, தலைப்பைப் பாருங்க." நெடுவரிசையின் தலைப்பில் 'யுஏஎன்' என்பதற்குப் பின்னால் ஒரு வெற்று ஸ்பேஸ்! தலைப்பு பொருந்தாததால் அந்த நெடுவரிசையையே சாஃப்ட்வேர் கண்டுகொள்ளவில்லை. அழித்தேன், டவர் கிடைத்ததும் ஏறிவிட்டது. அப்புறம் மூன்று பேருக்கு ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் கோட், தகராறு: ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து. அது என் கைங்கரியம்.

இறங்கும் அவசரத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. இன்று எல்லோருக்கும் சம்பளம் போய்விட்டது. ரொம்ப நன்றி அக்கா, அந்தக் கடலை மிட்டாய்க்கும் சேர்த்து.