திரையை நிரப்ப வேண்டாம், படத்தைக் காட்டுங்கள்

பழைய கௌபாய் படங்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஓடிடி தளங்களுக்கும் டிவி சேனல்களுக்கும்,

வணக்கம். சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு தளத்தில் செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' போட்டேன். 1966-இல் வந்த படம். 2.35:1 விகிதம், அதாவது உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல் அகலம். இப்போதைய 16:9 டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தாக வேண்டும். வரவில்லை. திரை முழுக்கப் படம். பக்கவாட்டில் கிட்டத்தட்ட கால்வாசியை நறுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

ஓரத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். அந்தப் படத்தின் தொடக்கத்தையே பாருங்கள். வெறும் பொட்டல்வெளி. திடீரென்று ஒரு முரட்டு முகம் உள்ளே நுழைந்து திரையை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவு பக்கத்தில் ஓர் ஆள் நின்றது நமக்குத் தெரியாது, பிரேமுக்கு வெளியே இருந்தான். லியோனியின் உலகத்தில் இதுதான் சட்டம்: பிரேமில் இல்லாதது பாத்திரங்களின் கண்ணுக்கும் படாது. பின்னால் ஓர் இடத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் நடந்துவருவார்கள். பக்கத்திலேயே ஒரு முழு ராணுவ முகாம் இருக்கும், சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி மடக்கும்வரை இரண்டு பேருக்கும் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் அபத்தம். ஆனாலும் நம்புகிறோம், ஏனென்றால் விளிம்பு எங்கே என்பதை இயக்குநர் நமக்குப் பழக்கிவிட்டார். அந்த விளிம்பை நகர்த்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இன்னொரு வேடிக்கை. லியோனி பயன்படுத்திய டெக்னிஸ்கோப், செலவைக் குறைக்க வந்த முறை. ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும்; ஒரு பிரேமுக்கு நான்கு துளை நீளத்துக்குப் பதில் இரண்டு துளை நீளம் போதும், பாதி ஃபிலிம் மிச்சம். அவ்வளவு சிக்கனம் பார்த்தவர்களும் அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1953-இல் ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஓட்டோ பிரெமிஞ்சர் 'ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன்' எடுத்தார். அதில் தெப்பத்திலிருந்து இறங்கும்போது மர்லின் மன்றோவின் மூட்டை ஆற்றில் விழுந்து அடித்துக்கொண்டு போகும். குளோஸப் கிடையாது. பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அது பாட்டுக்கு மிதந்து போகும். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் காலத்துச் சதுர டிவிக்காக அந்தப் படத்தை வெட்டினால் கிட்டத்தட்ட பாதி பிரேம் போய்விடும். சரி, அன்றைக்கு இருந்தது சின்னப் பெட்டி, பட்டை போட்டால் படம் ரிப்பனாகத் தெரியும். அதனால் வெட்டினார்கள். வெட்டியதை 'உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டது' என்று கேசட்டின் தொடக்கத்தில் எழுதிக் காட்டும் மரியாதையாவது இருந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு 43 அங்குலம், 55 அங்குலம் என்று வந்துவிட்டது. காரணமும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

அகலப் படங்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் இல்லை. 'ஸ்டேஜ்கோச்' (1939), 'ஹை நூன்' (1952) இரண்டும் 1.37:1, கிட்டத்தட்ட அந்தப் பழைய டிவியின் வடிவம். இவற்றுக்குப் பட்டை இடமும் வலமும் வரவேண்டும். அதையும் நிரப்பப் போனால் மேலே தொப்பி போய்விடும், கீழே துப்பாக்கி உறை போய்விடும். அப்புறம் அது என்ன கௌபாய் படம்?

'ஷேன்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அதை 1.37-க்கு எடுத்தார். 1953-இல் வெளியானபோது அகலத்திரை மோகம், ஸ்டுடியோவே மேலும் கீழும் மறைத்து 1.66-இல் ஓட்டியது. 2013-இல் ப்ளூ-ரேயும் 1.66-இல்தான் வரும் என்றார்கள். ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் 1.37-இலேயே வந்தது. கேட்டால் நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மூன்று லென்ஸில் மூன்று ஃபிலிமில் பக்கம் பக்கமாகப் பதியும் சினிராமா முறையில் எடுத்த 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' (1962) படத்தையே, வளைந்த திரையில் தெரிவதுபோல் ப்ளூ-ரேயில் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் வேலை அதைவிட எத்தனையோ சுலபம்.

பட்டை வந்தால் புகார் வருகிறது என்பீர்கள். வரட்டும். பட்டை பிடிக்காதவர் ரிமோட்டில் ஜூம் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வெட்டி அனுப்பியதை எந்த பட்டனை அழுத்தியும் எங்களால் ஒட்ட முடியாது.

எனவே, படம் எடுத்த விகிதத்திலேயே தாருங்கள். படத்தின் பெயருக்குக் கீழே வருடமும் நேரமும் போடுகிற இடத்தில் விகிதத்தையும் போடுங்கள். வெட்டிய பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், காசு கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். லியோனியின் படங்களிலிருந்து ஆரம்பித்தால் நல்லது.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஒரு கௌபாய் பட ரசிகன்